வலது பக்கம் பாடாத பெட்டி

பொன்னுசாமி மூன்றாவது தடவையாகக் கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் திம்மராயனுக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், சுவர் முழுக்கத் தொங்கும் செல்போன் கவர்கள். ஒளிவதென்றால் அந்தக் கவர் ஒன்றுக்குள்தான் ஒளிய வேண்டும்.

"ஏமண்ணா, மறுபடியுமா?" என்றான்.

"மறுபடியுந்தான். நீ குடுத்த இந்த இயர்போனும் வலது பக்கம் செத்துப்போச்சு. பாட்டு வரமாட்டேங்குது, தும் தும்னு சத்தம் மட்டும் வருது" என்று பொன்னுசாமி சட்டைப்பையிலிருந்து பாட்டுப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான சீனத்து எம்பி3 பிளேயர். 2006 தீபாவளி போனஸில் இதே கடையில் வாங்கியது. சின்ன பென்சில் செல் ஒன்று போட்டால் எட்டு மணி நேரம் பாடும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஐந்து மணி நேரத்தில் மூச்சு வாங்கும். பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகக் காட்டும். இதையெல்லாம் பொன்னுசாமி பொறுத்துக்கொண்டார். வலது பக்கம் பாடாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. முதல் தடவை வந்தபோது திம்மராயன் இயர்போனை மாற்றிக் கொடுத்தான். இரண்டாம் தடவை பெட்டியையே மாற்றி, வேறு இயர்போனும் சேர்த்துக் கொடுத்தான். அதற்கு மேல் மாற்றுவதற்குக் கடையைத்தான் மாற்ற வேண்டும்.

இந்தப் பெட்டி மோகம் கம்பெனி பஸ்ஸில் தொடங்கியது. உத்தனப்பள்ளியில் ஏறினால் சிப்காட் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். டிரைவர் வெங்கடப்பன் தனக்குப் பிடித்த கன்னடப் பாட்டைத்தான் போடுவார். அசெம்பிளிப் பெண்கள் புதுப்பாட்டு கேட்பார்கள், பின் சீட்டுக்காரர்கள் தெலுங்கு கேட்பார்கள், பொன்னுசாமி மாதிரி நாற்பதைத் தாண்டியவர்கள் எண்பதுகளின் பாட்டுக்கு ஏங்குவார்கள். சண்டை முற்றி ஒருநாள் யாரோ ஸ்பீக்கர் ஒயரை அறுத்துவிட, நிர்வாகம் ஸ்பீக்கரையே கழற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் அவரவர் காதுக்கு அவரவர் பெட்டி என்றாயிற்று.

ஆளுக்கொரு பெட்டி வந்ததும் ஆளுக்கொரு குறையும் வந்தது. மாதப்பன் இன்னும் கேசட் வாக்மேன்தான் வைத்திருந்தார். இடுப்பில் செங்கல்லைக் கட்டினதுபோல் இருக்கும், ஆனால் நாடா சிக்கினால் விரலை விட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அவர் கட்சி. ஹரீஷ்குமார் பெங்களூரில் வாங்கிய வெள்ளைப் பெட்டியில் ஆயிரம் பாட்டு இருந்தது. ஒருநாள் மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினான், ஆயிரமும் அழிந்தது. மச்சானோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தான். குவாலிட்டி செக்ஷன் சத்யப்ரியா, பாட்டுக்கென்று தனிப் பெட்டி எதற்கு, செல்போனே போதும் என்பாள். ஆனால் பாட்டில் நல்ல இடம் வரும்போதுதான் அவள் அம்மா போன் செய்வாள்.

பொன்னுசாமியின் குறையை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனப்பாடமாக அறிந்த பாட்டொன்றில் பல்லவி முடிந்ததும் ஒரு புல்லாங்குழல் வர வேண்டும். பெட்டியில் அது வரவேயில்லை. அந்த இடத்தில் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு சும்மா போனது.

"எம்பி3ன்னா அப்பிடித்தான்ணா" என்று ஹரீஷ்குமார் விளக்கினான். "பெரிய பாட்ட அமுக்கி அமுக்கிச் சின்னதாக்கறாங்க. அமுக்கும்போது கொஞ்சம் செதறத்தானே செய்யும்."

"அதுக்குன்னு புல்லாங்குழல் மட்டுமா செதறும்?" என்று பொன்னுசாமி கேட்டார்.

மற்றவர்கள் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். பொன்னுசாமி சொன்னால் விட முடியாது. ஏனென்றால் காது விஷயத்தில் கம்பெனியில் அவர்தான் கடைசி வார்த்தை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினாலு வருஷமாக, தகடு அமுக்கும் இருநூற்றைம்பது டன் பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சைப் பொருத்தும் செட்டராக இருக்கிறார். டை மழுங்கினால் தகட்டில் பிசிறு தெரிவதற்கு முன்னாலேயே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்காகவே கம்பெனி கொடுக்கும், கயிற்றில் கோத்த இரண்டு ஆரஞ்சுக் காதடைப்பான்களில் இடது காதுக்கு மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிரஸ் பக்கம் இருக்கும் வலது காதைத் திறந்தே வைத்திருப்பார். இதைப் பார்த்து, அதே பிரஸ்ஸில் அவருக்கு உதவியாக இருந்த ஹரீஷும் ஒற்றை அடைப்பானோடுதான் திரிந்தான். ஒற்றை அடைப்பான் போட்டவன் தொழில் தெரிந்தவன் என்று பிரஸ் ஷாப்பில் ஒரு பேர்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்று கடையில் திம்மராயன் கேட்டான். "இயர்போன மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதை மாத்தி?"

"இந்தக் காதுல இருக்கறத அந்தக் காதுல. அந்தக் காதுல இருக்கறத இந்தக் காதுல."

பொன்னுசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "தம்பி, அதுல எல், ஆர்னு எழுதியிருக்கா இல்லையா? எழுதினது எதுக்கு? டையில எல் போட்ட பக்கத்த ஆர் பக்கம் வச்சேன்னா என்ன ஆகும் தெரியுமா? மொத்த டையும் நொறுங்கிரும். பதினாலு வருஷத்துல ஒருதடவ நான் மாத்தி வச்சதில்ல."

"இது டை இல்லீங்களேண்ணா. பாட்டுத்தானே. நொறுங்கினா நான் புதுசு தர்றேன்."

அவன் எழுந்து வந்து, மேசைமேலிருந்த இயர்போனை எடுத்து, அவருடைய காதுகளில் இடம் மாற்றிச் செருகினான். பொன்னுசாமி சங்கடத்தோடு பட்டனை அமுக்கினார். அந்தப் பாட்டேதான் வந்தது. பல்லவி முடிந்தது. இடது காதில் புல்லாங்குழல் எழுந்தது. நாலு மாதமாகக் காணாமல் போயிருந்த புல்லாங்குழல், ஒரு துளி சிதறாமல், முழுசாக வந்தது. வலது காதில் இப்போது இருந்தது எல் என்று எழுதிய துண்டு. இத்தனை நாளும் தேனாகப் பாடிய அதே துண்டு. அதில் தும் தும் என்று சத்தம் மட்டும் வந்தது.

பொன்னுசாமி பாட்டை நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் அதேதான்.

திம்மராயன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருந்த கம்ப்யூட்டர் திரையைத் துணியெடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். "சில பீசு அப்பிடித்தாண்ணா வருது. வேணும்னா வேற கம்பெனி பீசு பாக்கலாம்" என்றான் திரையைப் பார்த்தபடியே.

"வேண்டாம்பா. நல்லாத்தான் இருக்கு" என்றார் பொன்னுசாமி. அவனிடம் இத்தனை நாள் சண்டை போட்டதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் மகள் தர்ஷினியிடம் இயர்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். "ரெண்டு பக்கமும் சூப்பரா கேக்குதுப்பா" என்றாள் அவள். மனைவி பேச்சியம்மாள் சோறு போட்டுவிட்டு அவருக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அவள் எப்போதும் அங்கேதான் உட்காருகிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பஸ்ஸிலும் அப்படித்தான், கோயிலுக்கு நடந்து போகும்போதும் அப்படித்தான்.

"நீ ஏன் எப்பவும் இந்தப் பக்கமே வாரே?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் உக்காந்து பேசினா நீங்க பதிலே சொல்ல மாட்டேங்கியளே. மொதல்ல கோவந்தான் வந்துச்சு. பெறவு புரிஞ்சுக்கிட்டேன்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்" என்று பேச்சியம்மாள் ரசம் ஊற்றினாள். "சொன்னா வருத்தப்படுவியன்னு சொல்லல."

ஊருக்கெல்லாம் காது கொடுத்துக்கொண்டிருந்தவர், வீட்டில் ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்ததை இரண்டு வருஷமாகக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வருவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. வருஷா வருஷம் வரும் காதுப் பரிசோதனை. தேறாதவனைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. சம்பளம் அதேதான், ஆனால் செட்டர் என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். அதனால் பிரஸ் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வேனுக்குள் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே டெக்னீஷியனின் விரல் தெரியும். விரல் அசைந்தால் அமுக்கிவிட வேண்டியதுதான். "விரலப் பாரு, பட்டன அமுக்கு" என்று புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஹரீஷுக்குச் சொன்னதே பொன்னுசாமிதான். அவரும் வருஷா வருஷம் விரலைப் பார்த்தே தேறியிருந்தார். எல்லோரும் செய்கிறார்களே என்று செய்ததுதான். தனக்கு அது தேவைப்படும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த வருஷமும் பார்த்து அமுக்கிவிட்டால் போயிற்று என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு செவ்வாய்க்கிழமை வரை நின்றது.

செவ்வாய்க்கிழமை புது டை ஏற்றினார்கள். பொன்னுசாமி இரண்டு கைகளாலும் இரண்டு பச்சை பட்டன்களை அமுக்கி, மேல்பாகத்தை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார். ஹரீஷ் அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தான். உள்ளே ஒரு தகட்டுத் துண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு எடுப்பதற்குக் கையை விட்டான், கையுறை டை விளிம்பில் மாட்டிக்கொண்டது. பொன்னுசாமியின் கண் அளவுகோலில் இருந்தது. தற்செயலாகத் திரும்பினார். ஹரீஷின் வாய் அகலத் திறந்திருந்தது. அது ஏன் திறந்திருக்கிறது என்று புரிய அவருக்கு ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பட்டன்களிலிருந்து கை தானாகத் துள்ளியது. பிரஸ் நின்றது. கைக்கும் இரும்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது.

"இருங்க, இருங்கன்னு மூணு தடவ கத்துனேன்ணா!" என்றான் ஹரீஷ். முகம் வெளுத்திருந்தது.

"அடைப்பான் போட்டிருந்தேன்ல" என்றார் பொன்னுசாமி.

"வலது காதுலயா?"

பொன்னுசாமி குனிந்து அந்தத் தகட்டுத் துண்டை இடுக்கியால் எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஹரீஷ் சிரித்துக்கொண்டே டீ குடிக்கக் கூப்பிட்டான். அவனுடைய வலது காது அடைப்பான் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. டீ கிளாஸைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பொன்னுசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். போன மாதம்தான் ஹரீஷின் மனைவி பிரவீனாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. அவருக்கு டீ இறங்கவில்லை. தன்மேல் தனக்கே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை காலை வேன் வந்து கேன்டீன் ஓரமாக நின்றது. வரிசையில் அவருக்குப் பின்னால் ஹரீஷ். "விரலு நல்லாத் தெரியுதாம்ணா, புது ஆளுதான்" என்று காதோரம் சொன்னான். நல்லவேளை, இடது காதோரம்.

பொன்னுசாமி உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். டெக்னீஷியன் ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு வெளியே வலது கை ஆள்காட்டி விரல் பளிச்சென்று தெரிந்தது. நகத்தில் மருதாணிக் கறைகூடத் தெரிந்தது.

பொன்னுசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

இடது பக்கம் கீச்சென்று மெல்லிய ஒலிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அமுக்கினார். அப்புறம் வலது பக்கம் கனத்த ஒலி இரண்டு வந்தன, அமுக்கினார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்தார். கண்ணைத் திறக்கலாமா என்று பலமுறை தோன்றியது. ஒரு நொடி திறந்தால் போதும், செட்டராகவே வெளியே போய்விடலாம். இமைகளை இறுக்கிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டெக்னீஷியன் உள்ளே வந்து வலது பக்க ஒயரைத் திருகிப் பார்த்தார். பின்னைப் பிடுங்கி ஊதினார், மறுபடி செருகினார்.

"காலைலருந்து நல்லாத்தான் இருந்துச்சு" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார். "வலது பக்கம் லூஸ் கான்டாக்ட் போல. ஒரு நிமிஷம் இருங்க, வேற ஹெட்போன் மாத்திடறேன்."

"மாத்தாதீங்க சார்" என்றார் பொன்னுசாமி. "நானும் மூணு தடவ மாத்திப் பாத்துட்டேன். ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு."