மாம்புரியின் நூறு வீத இணையம்

எங்கள் மாம்புரி கிராம இணைய நிலையத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக இணையம் வேலை செய்யவில்லை. கொழும்புத் தலைமைப் பணிமனையின் கணக்குப்படி, அதே ஒரு வருடத்தில் அது ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. நிலையப் பொறுப்பாளர் ஸக்கியாவாகிய நான் இந்த இரண்டுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் விளங்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரும் ஓர் இலக்கமும் உண்டு. நாம் பெயரைத் தட்டுகிறோம். சுவரில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் றவுட்டர் என்ற வெள்ளைப் பெட்டி, அந்தப் பெயருக்கு என்ன இலக்கம் என்று எங்கோ இருக்கும் ஒரு சேர்வரிடம் கேட்கிறது. அது சொன்னால்தான் பயணம். எங்கள் பெட்டி கேட்கிற சேர்வரை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி கேட்கும், பதில் வராது. பிள்ளைகள் வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெங்காயத் தோட்டத்துப் பக்கம் விளையாடப் போய்விடுவார்கள்.

இப்படியான கோளாறைக் கண்டுபிடிக்கவென்றே பெட்டிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள். மணிக்கொரு தடவை அது தானாக எழும்பி, ஒரு பெயரைச் சொல்லி இலக்கம் கேட்கும். கிடைத்தால் ‘வெற்றி’ என்று கொழும்புக்கு அறிவிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கேட்கிற பெயர் தலைமைப் பணிமனையின் பெயர். அறிக்கை வழி தவறிவிடக் கூடாதென்று, அந்த ஒரு பெயருக்கு மட்டும் இலக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே கையால் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆகவே பெட்டி மணிக்கொரு தடவை தன் சட்டைப்பையைத் தானே தடவிப் பார்த்து, ‘இருக்கிறது’ என்று கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த விளக்கமெல்லாம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று. மாம்புரியிலிருந்து இந்த உலகத்தில் ஒரேயொரு தளத்துக்குத்தான் போகலாம். அது தலைமைப் பணிமனையின் தளம். தலைவர் ரிபன் வெட்டும் படம் பளிச்சென்று வரும்.

சம்பளம் வருகிறது, காற்றாடி சுற்றுகிறது, போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஜபார் நானா வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

அவர் தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர். இங்கே கடலுக்குப் போகிறார், கருவாடு போடுகிறார், பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர் வாயில் அவர் இன்னும் ‘அகதி ஜபார்’தான். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமும் இல்லை. சண்டை முடிந்த பிறகு, மன்னாரில் இடிந்து கிடக்கும் வீடுகளைக் கட்டிக் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். கள்ள விண்ணப்பம் வராமலிருக்க, அவரவர் பதிந்திருக்கும் கிராம நிலையத்திலிருந்து மட்டும்தான் அனுப்பலாம். புத்தளம் டவுனுக்கு ஓடிப்போய் அனுப்பினால் ஏற்காது. மாத முடிவோடு கதவு பூட்டு.

ஜபார் நானா தினமும் கடலால் வந்ததும் குளித்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

“தங்கச்சி, இண்டைக்காவது திறந்திச்சா?”

“இல்ல நானா.”

“கொழும்புக்குச் சொன்னீங்க தானே?”

“ஓம். அவங்களுக்கு மட்டும்தான் சொல்ல ஏலுது.”

சொல்லியிருந்தேன். போனில் எடுத்தால் மூன்று மொழியிலும் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மூன்று மொழிக்கும் பொதுவாகக் கட் பண்ணுவார்கள். ஆகவே திறக்கிற அந்த ஒரே தளத்தில் முறைப்பாட்டுப் பக்கம் தேடி, இணையம் இல்லை என்று எழுதினேன். பதில் வந்தது: ‘தங்கள் முறைப்பாடு இணையம் வழியாக எமக்குக் கிடைத்துள்ளது. எனவே தங்கள் நிலையத்தில் இணையம் இயங்குவது உறுதியாகிறது. முறைப்பாடு தீர்க்கப்பட்டது.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் காரமாக ஒன்று எழுதினேன். அது உடனே கிடைத்துவிட்டதால் இணையத்தின் வேகமும் திருப்திகரமாக உள்ளதென்று பதில் போட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு கடிதம். மாவட்டத்திலேயே தடையில்லாமல் இயங்கிய ஒரே நிலையம் மாம்புரி, நூறு வீதம், விருது தர வருகிறோம், ஆயத்தமாக இருக்கவும்.

வந்தார்கள். பள்ளிவாசல் கதிரைகளை வாங்கிப் போட்டோம். பட்டிஸும் கேக்கும் வைத்தோம். நுரைச்சோலை அனல்மின் நிலையப் பக்கமிருந்து அடித்த காற்றில் கேக்கின் மேல் ஏதோ கறுப்பாகப் படிந்தது. பெரியவர்கள் அதைச் சொக்லேட் என்று நினைத்துச் சாப்பிட்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்வரிசையில் ஜபார் நானா கைதட்டாமல் இருந்தார். போர்த்திய துணிக்குள் எனக்கு வியர்த்து வழிந்தது, அவ்வளவு வெட்கம்.

அந்தக் கூட்டத்தோடு மிஹ்லார் என்றொரு பொறியியலாளரும் வந்திருந்தார். ஸ்கிரிப்டை எழுதியவர் அவர்தான். பட்டிஸோடு நின்றவரைக் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கணினி முன்னால் இருத்தினேன். கெட்டிக்காரர். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தவர், சீக்கிரமே முகம் வெளுத்துப் போனார். நான் மேலே சொன்ன விளக்கம் முழுவதும் அவர் சொன்னதுதான்.

“அப்ப திருத்துங்க சேர். உயிரோட இருக்கிற சேர்வர் ஒண்டைக் கேக்கச் சொல்லுங்க. ஸ்கிரிப்டையும் வேற நாலு தளத்தின்ட பேரைக் கேக்கச் சொல்லுங்க.”

“ஒரு வரி மாத்தினாப் போதும் மிஸ். ஆனா மாத்தினது பதிவாகும். ஏன் மாத்தினதெண்டு கேப்பாங்க. பழுதெண்டு சொல்லணும். பழுதெண்டா விருது எப்படிக் குடுத்ததெண்டு கேப்பாங்க.” அவர் வெளியே எட்டிப் பார்த்தார். தலைவர் இரண்டாவது துண்டு கேக் எடுத்துக்கொண்டிருந்தார். “இப்பதான் மிஸ் குடுத்த. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

“நான் என்னத்த யோசிக்க? ஜபார் நானாட வீட்டை யோசிங்க.”

பாவம், நல்ல மனுசன். யோசித்தார். யோசித்து, யாருக்கும் நோகாத ஒரு வழி கண்டுபிடித்தார். தலைமைப் பணிமனையின் இலக்கத்தைக் கையால் எழுதியிருந்த அதே இடத்தில், வீட்டுத் திட்டத் தளத்தின் இலக்கத்தையும் தன் பழைய குறிப்பொன்றைப் பார்த்துக் கையால் எழுதினார். அது மாற்றமில்லையாம், சேர்ப்பாம். சேர்ப்பதற்குக் காரணம் கேட்க மாட்டார்களாம். ஸ்கிரிப்டும் இனி இரண்டு பெயர் கேட்கும், இரண்டிலும் வெற்றி பெறும்.

படிவம் திறந்தது! ஜபார் நானா திரையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த சில நாட்கள் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. மன்னாரிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் நானே இருந்து நிரப்பி அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன். ஜபார் நானா மரியாதைக்கு ஒரு பார்சல் கட்டாக் கருவாடு கொண்டுவந்து வைத்தார். எனக்கும் அன்றைக்குத்தான் அந்தப் பொன்னாடை கொஞ்சம் பொருந்திய மாதிரி இருந்தது.

பிறகு நேர்முகக் கடிதங்கள் வரத் தொடங்கின. கற்பிட்டிக்கு வந்தது, நுரைச்சோலைக்கு வந்தது. மாம்புரியில் ஒருவருக்கும் வரவில்லை. ஜபார் நானாவும் நானும் பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு புத்தளத்தில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எங்கட பழைய மெஷின்ட சீட்டு. படிவம் தொடங்கின கிழமையே நாங்க புது மெஷினுக்கு மாறிட்டம். பேர் அதேதான், இலக்கம்தான் வேற. எல்லாரும் புதுசுக்குத்தானே அனுப்பினவங்க, நீங்க மட்டும் எப்படிப் பழசுக்குப் போனீங்க?”

“பழைய மெஷின் சீட்டுக் குடுத்ததே!”

“ஓம், அது இன்னும் ஓடுது. அங்க ஆரும் இல்ல, அவ்வளவுதான்.”

பஸ்ஸில் வரும்போது ஜபார் நானா பற்றுச்சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இறங்கும்போது, “பரவாயில்ல தங்கச்சி, நீங்களும் என்ன செய்ற” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேரே நிலையத்துக்குப் போனேன். பெட்டி வழக்கம்போல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறிக்கைக்குச் சில நிமிடமே இருந்தது. பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கவில்லை, என் போன் அடித்தது. கொழும்பு! ஒரு வருடமாக என்னைப் போனில் எடுக்காத கொழும்பு!

“மிஸ், நான் மிஹ்லார். மாம்புரி சிவப்பாயிட்டுது. ரிப்போர்ட் வரல்ல. தலைவர் ஸ்கிரீனுக்கு முன்னால நிக்கிறார். என்ன நடந்த?”

“பிளக் என்ட கையில இருக்கு சேர்.”

“அல்லாவே, பிளக்கைத் திருப்பிக் குத்துங்க மிஸ்!”

“குத்துறன். அந்த வீட்டுத் திட்டக்காரங்கட கொழும்புப் பணிமனை எங்க இருக்கு?”

“எங்கட கட்டடத்துலதான், மேல் மாடியில. ஏன்?”

நடந்ததைச் சொன்னேன். ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள், முயற்சி செய்து பார்ப்போம் என்று இழுத்தார்.

“கடிதமெல்லாம் இல்ல. படியேறுங்க. பழைய மெஷினில இருக்கிற எங்கட ஆக்களைப் புதுசுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க. வைக்கிற வரைக்கும் மாம்புரி சிவப்புத்தான்.”

படியேறினார். செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. ஆள் அனுப்பி ஜபார் நானாவையும் மற்றவர்களையும் வரவழைத்தேன். மேல் மாடியில் மிஹ்லார் யாருடனோ நெடுநேரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மன்றாடினார். பிறகு, இருக்கிறதாம், எடுத்து வைக்கிறார்களாம், ஆனால் ஒவ்வொருவரும் தன் வாயால் உறுதிப்படுத்த வேண்டுமாம் என்றார். போனைச் சத்தமாக வைத்து முதலில் ஜபார் நானாவிடம் நீட்டினேன். அவர் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு பெயர் சொன்னார், வாப்பாவின் பெயர் சொன்னார்.

“விலாசம் சொல்லுங்க நானா,” என்றார் மிஹ்லார். “ரெண்டு போட்டிருக்கு. இங்க ஒண்டுதான் போடலாமாம். மாம்புரியா, மன்னாரா?”

“ரெண்டையும் போடச் சொல்லுங்க தம்பி,” என்றார் ஜபார் நானா. “ஒண்டில நான் இருக்கிறன். மத்தது என்ட வீடு.”

கொழும்பில் மிஹ்லார் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். பிறகு யாரோ தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. அது முடியும்வரை நான் பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தேன்.