வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவன்

…ஆமாம் என்றுதானே சொன்னான், உடல் ஊனத்துக்கான அரசு உதவித்தொகை கேட்டுப் போன அன்று, மான் வேட்டைக்குப் போவதுண்டா என்று அந்த விசாரணை அதிகாரி கேட்டபோது, வருஷம் தவறாமல் போவேன் ஐயா என்று, அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இப்போது ஃபெடரல் கோர்ட்டில் அரசு வக்கீல் அதையே வாசிக்கிறார், வேட்டையாடும் அளவுக்கு உடம்பில் தெம்புள்ளவர் என்று… ஆர்பினுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வலி கொதித்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைப் பாறை சரிந்து விழுந்த முதுகு, இந்த பெஞ்சைத் தாங்காது, ஆனால் எழுந்து நின்றால் நீதிபதி என்ன நினைப்பார், நடிக்கிறான் என்றா? பேசவும் முடியாது. வாசலிலேயே அவனுடைய வக்கீலம்மா சொல்லிவிட்டாள், "இங்க புதுசா எதுவும் சொல்ல முடியாது ஆர்பின். அன்னிக்கு நீங்க சொன்னதை வச்சுத்தான், உதவித்தொகை இல்லேன்னது சரியா தப்பான்னு பார்ப்பாங்க." அன்றைக்குச் சொன்னது பொய்யா? போனான்தானே, மைத்துனன் டெல்மரின் பிக்கப் வண்டியில், வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு… மற்றவர்கள் மலையேறினார்கள், அவன் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே, பனி படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. திரும்பி வந்த டெல்மர் தான் சுட்ட மானைக் காட்டி, "இது நீ சுட்டது மாப்ள, வீட்ல போய் நல்லா அளந்து விடு" என்று சிரித்தான். நவம்பரில் வேட்டைக்குப் போகாதவனை இந்தக் கென்டக்கி மலைப்பக்கத்தில் யார் ஆம்பளை என்பார்கள்? மனைவி லவோண்டாவும் அந்தக் கறியை வறுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், "முதுகு போனா என்னடி, எங்காளுக்குக் கண்ணு போகலையே" என்று பீற்றிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது… உதவித்தொகை வந்தால் அவள் இரண்டாவது வேலையை விடலாம், வராவிட்டால் பகலில் ஆஸ்பத்திரிச் சலவை, ராத்திரியில் பெட்ரோல் பங்க், அப்படியே எத்தனை காலம்? பெஞ்சில் பக்கத்திலிருந்த லவோண்டா குனிந்தாள், காதோரம் கிசுகிசுத்தாள், "மான் சுட்டதுக்காய்யா இல்லேங்கறாங்க? இந்த முதுகோட எப்படி மலை ஏறின நீ?" கேலி இல்லை அந்தக் குரலில், சந்தேகமும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அரசு வக்கீல் பக்கம் புரட்டினார். "அப்புறம் சொல்றேன், சும்மா இரு" என்றான் ஆர்பின். காலையிலிருந்து சட்டம் தன் வாயைக் கட்டிவிட்டது என்றல்லவா குமைந்துகொண்டிருந்தான்… சட்டம் கட்டியது அந்த மேடையில் இருப்பவர் முன்னால்தானே, இவளிடம் சொல்லக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.