வேறொரு காலுக்குப் பழகிய வண்டி

1

எல்லாரும் சுகம்தானே? மழை விட்டும் சளி விடவில்லை எங்கள் தெருவில். உங்கள் வீட்டில் எப்படி? சுக்குத் தண்ணீர் ஏதாவது போட்டுக் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம் வாசலில் நின்றபடி பாதி சொன்னாள். மீதியை நான் நிரப்பினேன். எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே கலந்துபோய்விட்டது.

2

தொடக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

'1998 ஆனி மாதம், மேலப்பாளையத்தில் ஒரு வெள்ளைக் கார்—' (வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

'தாஜ் முகம்மது பெண்டாட்டியைப் பூட்டி வைக்கிற ஆள். அவர்—' (இதுவும் வேண்டாம். சவூதியில் தம்மாமிலிருந்து மாமியாருக்குப் போர்வையும் தைலமும் அனுப்புகிற மனிதரை அப்படி எழுதக் கை கூசுகிறது.)

சரி, நேராகவே சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் தாஜ் முகம்மது ஜப்பான் கார் ஒன்று வாங்கினார். கியர் தானாக மாறும் வண்டி. ஒரு மாதம் ஓட்டிவிட்டு சவூதிக்குக் கிளம்பும்போது மனைவி மும்தாஜிடம், "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி, போதும். ஷெட்ட விட்டு எடுத்திராத" என்றார்.

மும்தாஜின் உம்மா ஸ்ரீவைகுண்டத்தில் படுத்த படுக்கை. இரண்டு பஸ் மாறிப் போனால் அரை நாள் போய்விடும். மும்தாஜ் பாளையங்கோட்டையில் ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் காரிலேயே போய் உம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். இரண்டு வருடம். அவரிடம் சொல்லவில்லை.

(கிலோமீட்டர் காட்டிக் கொடுத்திருக்காதா என்று கேட்பீர்கள். முதல் வரைவில் நானும் அதை மறந்துவிட்டேன். மும்தாஜைக் கேட்டேன். "போகும்போது அவுஹ எங்க அதக் குறிச்சாஹ" என்றாள்.)

லீவில் வந்தவர், சும்மா கிடக்கிற வண்டியை விற்றுவிடலாம் என்றார். மும்தாஜால் தடுக்கவும் முடியாது. விற்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார்.

3

விற்கும் முன் ஓட்டிப் பார்த்தார். அவர் ஓங்கி மிதிக்கிற ஆள். இஞ்சின் கத்தினால்தான் அவருக்கு வண்டி ஓடுகிற மாதிரி. ஆனால் இது கத்தும் முன்பே அடுத்த கியருக்குப் போய்விட்டது. மிதித்தால் ஒரு கணம் யோசித்தது. மறுநாள் மெக்கானிக் ஞானையாவிடம் கொண்டுபோனார். பின் சீட்டில் மும்தாஜ்.

"வே ஞானையா, கியர் செத்துப்போச்சு வே."

ஞானையா கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவிக் காட்டினார். "ஆயில் செவப்பா புதுசா கெடக்கு பாருங்க அண்ணாச்சி. கவனிக்காத வண்டின்னா கருகிப்போயிருக்கும்."

"ஷெட்டுல கெடந்த வண்டிக்கு யாரு வே ஆயில் மாத்துனா?"

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மும்தாஜுக்கு அதை மாற்றிக் கொடுத்த ஞானையா கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"பழுதுன்னு சொல்லி வித்துராதிய. இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கு. எப்ப மிதிக்கான், எப்ப விடுதான், எங்கன பிரேக் பிடிக்கான்னு. அதுக்குத் தக்கன கியர மாத்தும். உள்ள கிளட்சுத் தட்டு தேஞ்சா, அந்தத் தேய்மானத்துக்கும் தக்கன அழுத்தத்தக் கூட்டிக் கொறச்சுக்கும். இது இப்ப வேற காலுக்குப் பழகியிருக்கு."

"எப்பேர்ப்பட்ட காலு வே அது?"

"பைய மிதிக்குத காலு. வளைவுக்கு ரொம்ப முன்னாலயே எடுத்துருத காலு."

"நல்ல ஓட்டக்காரனால்ல இருக்கான்" என்றார் தாஜ் முகம்மது.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "எங்காலுதான். உம்மாவப் பாக்கப் போனேன்."

4

இங்கே நிறுத்திக்கொள்கிறேன், கொஞ்சம் வியந்துகொள்ள. கட்டிக்கொண்ட மனிதனுக்குத் தெரியாத நம் கால், டப்பாவுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிற இரும்புக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அவசரப்படாதவள் என்று யாரும் சொல்லாமலே அது கற்றுக்கொண்டது. எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

5

முடிவு ஒன்று: அந்த வாரமே வண்டியை விற்றார். (இல்லை, விற்கவில்லை.)

முடிவு இரண்டு: அங்கேயே இறங்கிச் சாவியை அவள் கையில்— (இது நானாக ஆசைப்பட்டு எழுதியது. அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும், "உம்மா இப்ப எழுந்து உக்காருதாஹளா?" என்று மட்டும் கேட்டார். பத்து நாளாக அவரே ஓட்டுகிறார். விற்பதைப் பற்றியும் பேச்சில்லை. லீவு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

"அவுஹ மிதிச்சு மிதிச்சு வண்டி என்ன மறந்துருமோன்னு நெனச்சேன்" என்றாள் மும்தாஜ் நேற்று. "ஸ்ரீவைகுண்டம் போனோம். கருங்குளம் வளைவு வருதுன்னு பின்னால இருந்தே நான் காலத் தூக்குனேன். அதுக்கு முன்னாலயே வண்டி பைய ஆயிருச்சு. எட்டிப் பாத்தா, அவுஹ கால எடுத்துட்டாஹ."

வண்டி அவருக்குப் பழகியதா, அவர் வண்டிக்குப் பழகினாரா என்று ஞானையாவைக் கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் சவூதிக்குக் கிளம்பியபின் சாவி எங்கே தொங்கும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு வண்டி, ஒரு தையல் மெஷின், யாரோ ஒருவர் காலுக்குப் பழகிப்போயிருக்குமே. அது யார் கால் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.