படிக்கட்டுக்கு ஒரு தலைக்கோடு

ரோஹிணிக்கு இப்போதெல்லாம் எழுத்து என்றால் உடம்பு. அதற்குத் தோள் உண்டு, கை உண்டு, வயிறு உண்டு, வாலும் உண்டு. அலிப்பூரில் ஒரு டிசைன் பள்ளியின் எழுத்து வடிவமைக்கும் மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளோடு பெஹாலா கடைத்தெருவில் நடப்பது பெரிய தொல்லையாகிவிட்டது. மீன்கடை போர்டின் முன்னால் நின்றுவிடுவாள். இதோ பாருங்கள், இந்த ஆங்கில எழுத்துக்குக் காலடியில் கட்டையாகப் பாதம் இருக்கிறது, இது ஸ்லாப் செரிஃப். எதிரே மருந்துக்கடையில் பாதமே கிடையாது, அது சான்ஸ் செரிஃப். இனிப்புக்கடை எழுத்து கையால் எழுதின மாதிரி சாய்ந்து ஓடுகிறது, அது வேறு ஜாதி. அவள் கணவன் முத்துகிருஷ்ணன் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு தலையாட்டுவான். வாங்கின மீன் பைக்குள் கெட்டுக்கொண்டிருக்கும்.

அவன் தூத்துக்குடிக்காரன். கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் சூப்பர்வைசர். அவளோ இங்கேயே, வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ரயில்வேயில் இருந்த தமிழர் வீட்டுப் பெண். வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள், வாசிக்க மட்டும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பெங்காலியும் ஆங்கிலமும் இந்தியும்தான். மாமியார் வாட்ஸப்பில் அனுப்புவதையெல்லாம் அவன்தான் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டில் ஒரு ரேடியோ வைத்திருக்கிறாள் என்று அவன் தன்னையே காட்டிக் கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வது கணவர்களின் வழக்கம்.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. போர்டு செய்யும் கம்பெனி ஒன்றுக்குத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை கிடைத்திருந்தது. அங்கே வரும் நோயாளிகளில் பாதிப்பேர் வங்காளிகள் என்பதால் எல்லாப் போர்டும் இரண்டு மொழியிலும் வேண்டும். அதற்கு ஒரே ஓர் ஆளை எடுப்பார்கள். மாணவர்கள் ஆளுக்கு ஒரு சொல்லைத் தமிழிலும் பெங்காலியிலும் வரைந்து கண்காட்சியில் வைக்க வேண்டும். கம்பெனித் தலைவி நந்திதா தத்தா நேரில் வந்து தேர்ந்தெடுப்பார். ரோஹிணி இந்தப் படிப்பை நம்பி இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டவள். முப்பத்தைந்தை நெருங்குகிறவளுக்கு இந்தத் தொழிலில் இதை விட்டால் யார் கதவைத் திறக்கப் போகிறார்கள்?

அவளுக்குக் கிடைத்த சொல் படிக்கட்டு. கணவன் ஷிப்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு வரைந்தாள். அவனிடம் காட்டவில்லை. ரேடியோ இல்லாமல் ஒரு தமிழ்ச் சொல்லையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு.

பெங்காலி எழுத்துகள் மேலே ஓடும் ஒரு கோட்டில் வரிசையாகத் தொங்கும். ஐந்து வயதிலிருந்து அந்தக் கோட்டையே பார்த்துப் பழகிய கண் அவளுடையது. ‘க’வின் தலையில் ஒரு கோடு கண்டதும் தமிழுக்கும் அதுதான் முதுகெலும்பு என்று முடிவு கட்டிவிட்டாள். ‘ப’வும் ‘ட’வும் மொட்டைத் தலையோடு நிற்பது அச்சுக்காரர்களின் சோம்பேறித்தனம் என்று தோன்றியது. பாவம் பார்த்து அவற்றுக்கும் கோடு போட்டாள். எந்த எழுத்துக்கு எது தோள், எது வயிறு என்று பக்கத்திலேயே அழகாகக் குறித்தும் வைத்தாள்.

கண்காட்சியன்று நந்திதா தத்தா அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். மற்றவர்கள் வரைந்ததில் இரண்டு மொழியும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறது, இதில்தான் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகத் தெரிகிறது என்றார். ரோஹிணிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அப்புறம் அவர், அவளோடு வந்திருந்த முத்துகிருஷ்ணனிடம் திரும்பி, நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர்தானே, வாசிக்க நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

அவன் பார்த்தான். மூடின பெட்டி ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் பாதிப் பெட்டி ஒன்று. நடுவில் இருந்த ‘க்க’ மட்டும் தெரிந்த முகமாக இருந்தது. மனைவியின் கண்ணைப் பார்த்தான். தனக்குத் தெரிந்த பெங்காலியில், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

அம்மா அனுப்பும் முழ நீளச் செய்தியை ஒரே மூச்சில் வாசிக்கிற மனுஷன் ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டானே என்று அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க."

அவன் குனிந்து அவள் காதோடு சொன்னான். "பொட்டி பொட்டியா இருக்கு, ரோஹிணி. வாசிக்க முடியல."

அவள் நேரே நந்திதாவிடம் போனாள். இந்தக் கோடு தப்பு, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கண்ணால் பார்த்து வரைந்தேன் என்று பெங்காலியில் சொன்னாள். நந்திதா அவள் தோளைத் தொட்டு, சொன்னதற்கு நன்றி என்றார். வேலை உடன் படித்த அனிர்பானுக்குப் போயிற்று. அவனுக்கும் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் லேக் மார்க்கெட் இட்லிக் கடைக்காரரிடம் தாளைக் காட்டி, அவர் வாசிக்கிற வரைக்கும் திருத்திக்கொண்டு வந்திருந்தான். வீட்டிலேயே ஆள் வைத்திருந்தவள் கேட்கவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள். பெஹாலா நெருங்கும்போது, உனக்காகத்தானே அவரிடம் அப்படிச் சொன்னேன் என்று அவன் இழுத்தான்.

"இந்த வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். எனக்குத் தெரியாததை உங்க கண்ணை வச்சுத்தான் பாக்கணும். நீங்களே நல்லா இருக்குன்னுட்டா நான் யாரை நம்புறது? நாளைக்கு ஆஸ்பத்திரியில அந்த போர்டைப் பாத்து ஒருத்தி வழி தெரியாம நின்னா?"

இத்தனை நாள் ரேடியோ, ரேடியோ என்று பீற்றிக்கொண்டவனுக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிய கையோடு தாளை எடுத்தாள். தலைக்கோடு இல்லாமல் ‘ப’வையும் ‘டி’யையும் வரைந்து அவன் பக்கம் திருப்பினாள். ‘ப’ சரியாக வந்திருந்தது. ‘டி’யின் கொக்கி எங்கேயோ போய்த் தொற்றிக்கொண்டு நின்றது. பிரமாதம் என்ற சொல் அவன் நுனி நாக்குவரை வந்துவிட்டது. அவள் முகம் அப்படி வாடியிருந்தது.

"முதல் எழுத்து சரி. ரெண்டாவது வாசிக்க முடியல," என்றான்.

அவள் தலையசைத்தாள். பஸ்ஸில் அத்தனை தூரமும் அடக்கிக்கொண்டு வந்தவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே ரப்பரை எடுத்து அழித்தாள்.