பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி
விடுதி வாசலில் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, மேலே 'பொறுப்பான சுற்றுலா' என்று பலகை. பலகைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இரண்டையும் ஒரே வண்டியில் கவிழ்த்து ஆற்றோரம் கொட்டச் சொன்னதும் அந்தப் பலகையை வைத்த முதலாளிதான்.

காலையில் நடக்கப்போன விருந்தாளி அம்மா, சேற்றுக்காலோடு ஒரு மூட்டையை முதலாளியிடம் தூக்கிவந்தார்.

"ஆத்தோரம் பூரா குப்பை, தம்பி. எந்தப் புண்ணியவான் வேலையோ! மனசு கேக்கல, முடிஞ்சதைப் பொறுக்கிட்டு வந்தேன்."

மூட்டை வாயில் சோப்பு உறைகள் பிதுங்கின. உறைக்கு உறை இந்த விடுதியின் பெயர். முதலாளிக்கு முகம் செத்துப்போனது.

"கண்ணாடியை ரூம்லயே வச்சுட்டேன், ஒண்ணும் படிக்க முடியல" என்றார் அம்மா.

நல்லவேளை என்று நினைத்த முதலாளிக்கு, நினைத்ததற்காகவே உடம்பு கூசியது.

"இந்தாங்க. உங்க கையில குடுத்தா சரியான இடத்துக்குப் போயிடும்."