மூடாத ஜன்னல்

"முடிவு வர்ற வரைக்கும் வீட்டுலகூட இதப் பத்தி மூச்சு விடக்கூடாது, சரியா?"

"சாப்பாட்டுல உப்பு இல்லன்னா சொல்லலாமா, டாக்டர்?"

"அது வேற டிபார்ட்மெண்ட். தாராளமாச் சொல்லு."

ஆய்வு தொடங்கிய அன்று என் கணவர் விதி சொல்ல, நான் கேலி செய்ய, இருவரும் சிரித்தது இது. இருவரும் ஒரே மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்கள். கல் உடைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் நெஞ்சுப் படங்களை நான் ஃபிலிமாக விளக்குப் பெட்டியில் பார்ப்பேன். அதே படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருந்தார்கள். அவற்றை அவர் திரையில் பார்ப்பார். கல்தூசியால் வரும் நுரையீரல் நோய் எதில் சரியாகத் தெரிகிறது என்பதுதான் கேள்வி. அதனால் ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லக்கூடாது. இருவரும் வேறு வேறாகச் சொன்னால், மூத்தவர் என்பதால் அவர் சொல்வதுதான் தொழிலாளிக்குத் தரும் சான்றிதழில் ஏறும்.

இன்று காலை வராந்தாவில் ஒரு தொழிலாளி என்னை வழிமறித்தார்.

"நுரையீரல் சுத்தமா இருக்காம் டாக்டரம்மா. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. மாடி ஏறினா மூச்சு வாங்குது. என் நெஞ்சுக்குத்தான் இந்தச் சான்றிதழைப் படிக்கத் தெரியல போல!"

சிரித்தவரை இருமல் பாதியில் பிடித்துக்கொண்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய ஃபிலிமில் ரவையைச் சிதறவிட்டதுபோல் வெண்புள்ளிகளைப் பார்த்தவள் நான்.

நேராகக் கணவரின் அறைக்குப் போனேன். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மானிட்டர் மேல் பளீரென்று வெயில். உள்ளங்கையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது யாருடைய நெஞ்சோ. பெரிதாக்கிப் பார்க்க அவருக்கு எப்போதும் பொறுமை கிடையாது.

"நான் இருட்டறையில லென்ஸ் வச்சுத் தேடுறேன். நீங்க காத்து வாங்கிக்கிட்டே பாக்கறீங்க. இதுக்குப் பேரு ஒப்பீடா?"

"விதி மறந்துடுச்சா உனக்கு? மெதுவாப் பேசு."

"அந்த மனுஷன் நாளைக்குத் தூசியில நிக்கப் போறாரு. விதியை அவர் நெஞ்சுகிட்டச் சொல்லுங்க!"

"மெஷின்ல தெரியலன்னா நான் என்னம்மா பண்றது?"

"மெஷின் மேல பழியப் போடாதீங்க!"

வீடு மாறியது, மகளின் பள்ளி என்று எல்லாமே அவர் முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னவைதான். நானும் தலையாட்டியே பழகிவிட்டேன்.

ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கல்யாணம் ஆனதுலேருந்து கேக்கணும்னு இருந்தேன். இப்பக் கேக்கறேன். முடிவெடுக்கறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை, நான் பாக்கறத என்கூட உக்காந்து நீங்களும் பாருங்க."