ஒரே மூச்சில்

கனகேஸ்வரி லேசுப்பட்ட ஆளில்லை. தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பி கிருபாகரனுக்குக் கொடுத்துவிட்டு, கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். கொடுத்ததை அவன் உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகள். அதனால் தும்மினவர்களுக்கு வாசலோடு சரி. கனடாவிலிருந்து வந்த மச்சாளையே படியில் நிறுத்திக் கதைத்து அனுப்பியவள். கடைச் சாப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் நேர்த்தி என்று ஒன்று இருந்ததே! சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அபிஷேகம் செய்விப்பதாக வேண்டியிருந்தாள். அபிஷேகத்தன்று ஐயர் தந்த பஞ்சாமிர்தத்தை அவளே அவன் கையில் வைத்தாள்.

"இதைச் சாப்பிடலாமோ அக்கா?"

"விசரா, இது பிரசாதமடா."

கோயில் பிரசாதத்தில் கிருமி இருக்குமென்று எந்தச் சனம் நினைக்கும்? வயிற்றோட்டம் வந்தது, நின்றது. பிறகு பாதம் விறைத்தது. கால் வழங்காமல் போனது. இப்போது கைகளும் வழங்கவில்லை.

"எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தானே வச்சிருக்கிறியள்? பிறகு எது இவனை அடிக்குது?" ஆஸ்பத்திரி வார்டில் டொக்டர் ஜவாத்திடம் சண்டைக்கே போனாள்.

"முழுசா அடக்க ஏலா அன்ரி. மிச்சம் இருக்கிறது கிருமியோட சண்டை பிடிக்கப் போய், அவர்ட நரம்பையே அடிக்குது."

"அந்த வயித்தோட்டத்தாலயோ?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மருந்து ஏத்துறம், பாப்பம்."

"என்னட்ட என்ன வேணுமெண்டாலும் எடுங்கோ டொக்டர்."

"இதுக்கு உங்கள்ட்ட எடுக்க ஒண்டுமில்ல அன்ரி."

கத்தியை வைத்து உடம்பைக் கிழித்தபோதுகூட கனகேஸ்வரி இப்படிப் பயப்படவில்லை. கடவுளே, நான்தானே பஞ்சாமிர்தத்தைக் கொடுத்தேன் என்று சுவரோடு சாய்ந்து அழுதாள்.

இந்த நரம்பு வருத்தம் நெஞ்சுக்கு ஏறினால் மூச்சுக்கு மெஷின் போடவேண்டும். மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். நேற்று இருபது வரை போனான். இன்றைக்கு ஜவாத் கட்டிலருகே வந்து, "எண்ணுங்க" என்றார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு…" கனகேஸ்வரியும் அவனோடு சேர்ந்து எண்ணினாள்.

ஆறோடு கிருபாகரனின் குரல் நின்றது. வாய் திறந்தபடி அக்காவையே பார்த்தான். ஜவாத் திரும்பி, மெஷினைக் கொண்டுவரும்படி தாதியிடம் சிங்களத்தில் சொன்னார்.

"ஏழு, எட்டு, ஒன்பது…"

"அன்ரி, அவர் நிப்பாட்டிட்டார்."

"பத்து, பதினொண்டு…" கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சு முடியுமட்டும் அவள் எண்ணினாள்.